தாத்தாவின் சங்குகளும் ரொட்டிக் கடைக் கண்ணாடிப் பெட்டியும்

ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஏதேனும் ஒரு சேகரிப்பு உண்டு. சிலர் தபால் தலைகளைச் சேர்க்கின்றனர். சிலர் பழைய நாணயங்களைச் சேர்க்கின்றனர். எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி தீப்பெட்டிப் படங்களை நான்கு நோட்டுப் புத்தகங்களில் ஒட்டி வைத்திருக்கிறாள். ஆனால் சேர்த்தவற்றைப் பிறர் காணும்படி வைப்பது எப்படி என்று கேட்டால், "அதற்கு ஷோகேஸ் வேண்டும், ஷோகேஸுக்குப் பணம் வேண்டும்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. குறைந்த செலவில் அதைச் செய்வது எப்படி என்பதை நாங்கள் ஒருமுறை தவறாகவும் ஒருமுறை சரியாகவும் செய்து கற்றுக்கொண்டோம். தவறாகச் செய்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

நாங்கள் என்பது அக்காள், தங்கை, தம்பி ஆகிய மூன்று பிள்ளைகள். எங்கள் தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். வெறும் மூச்சை அடக்கிக்கொண்டு கடலடியில் இறங்கிச் சங்கு எடுத்தவர்களின் கடைசித் தலைமுறையில் அவரும் ஒருவர். எடுத்த சங்குகள் வளையல் அறுப்பதற்காக வங்காளத்திற்குப் போய்விடும். ஆனால் சங்கைத் தேடும்போது கண்ணில் பட்ட சோழிகள், புறாமுட்டைச் சங்குகள், ஐவிரல் சங்குகள், திருகாணி போன்ற நீண்ட சுருள்கள், பெயர் தெரியாத சிறு சிப்பிகள் ஆகியவற்றைத் தாத்தா தமக்கென்று எடுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 214 இருந்தன. அவை பல ஆண்டுகளாகக் கட்டிலுக்கு அடியில் பிஸ்கட் டின்களில் கிடந்தன. தாத்தாவுக்கு இப்போது கண் பார்வை மிகவும் மங்கிவிட்டது. ஆயினும் கையில் ஒன்றைக் கொடுத்தால் தடவிப் பார்த்துவிட்டு, இன்ன சங்கு, இன்ன இடத்தில் எடுத்தது என்று சொல்லிவிடுவார்.

2023-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், இவற்றை அழகாக அடுக்கி வைக்க வேண்டும் என்று நாங்கள் அப்பாவிடம் கேட்டோம். கடையில் விற்கும் கண்ணாடி ஷோகேஸின் விலையைக் கேட்டதும் அப்பா பேசாமல் திரும்பி வந்துவிட்டார். பிறகு, எங்கோ வேலை முடிந்து மிஞ்சிய பிளைவுட் துண்டுகளைக் கொண்டு தச்சர் ஒருவர் 2,400 ரூபாய்க்கு ஒரு ஷெல்ஃப் செய்து கொடுத்தார். ஐந்து தட்டுகள், முன்புறம் கண்ணாடிக் கதவு, பளபளப்பான வார்னிஷ். தூசி ஓர் இம்மியும் புகாத அளவுக்குக் கதவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அதுதான் அந்த ஷெல்ஃபின் பெருமை என்று நாங்கள் எண்ணினோம். தட்டுகளின் மேல் அட்டையை வெட்டிப் போட்டு, அதன்மேல் நீல வெல்வெட் துணியை விரித்துச் சங்குகளை அடுக்கினோம். பார்ப்பதற்கு நகைக் கடை போல் இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் புகழ்ந்தனர். (எல்லாரும் முதலில் கேட்ட கேள்வி, "இதில் வலம்புரி இருக்கிறதா?" என்பதே. வலம்புரி இல்லை. இருந்திருந்தால் ஷோகேஸின் விலையைக் கேட்டு அப்பா திரும்பி வந்திருக்க மாட்டார்!)

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை எங்கள் ஊரார் எவரும் மறக்க முடியாது. அருகிலுள்ள காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. எங்கள் வீட்டுக்குள்ளும் ஓர் அடி உயரத்திற்கு நீர் நின்றது. ஷெல்ஃபின் அடித்தட்டு நனைந்து உப்பியது. மேல் தட்டுகளுக்குச் சேதம் இல்லை என்று கண்டு, கதவைத் துடைத்து மூடிவிட்டோம். அவ்வளவு துன்பத்திற்கு நடுவில் சங்குகளைப் பற்றி யார் நினைத்தார்கள்?

தவக்காலம் தொடங்கியபின் ஒரு நாள் மாலை, தாத்தா தமக்கு மிகவும் பிடித்த புள்ளிச் சோழியைக் கேட்டார். எடுத்துக் கையில் கொடுத்தோம். அவர் வெகு நேரம் தடவிப் பார்த்தார்.

"ஏ மக்கா, இது என் சோழிதானா? வழுவழுப்பு எங்க போச்சு? மாவு மாதிரி ஒட்டுதே" என்றார்.

வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தோம். சோழியின் முதுகில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பூஞ்சணம் என்று நினைத்துத் துணியால் துடைத்தோம். பொடி போயிற்று, ஆனால் பளபளப்பும் அதனுடன் போயிற்று. ஷெல்ஃபில் இருந்த மற்றவற்றையும் எடுத்துப் பார்த்தபோது 37 சங்குகளில் அதே வெண்பொடி காணப்பட்டது. கதவைத் திறந்தபோது ஏதோ புளித்த வாடை வந்ததை அப்போதுதான் கவனித்தோம். நாற்பது ஆண்டுகள் துருப்பிடித்த பிஸ்கட் டின்களில் கெடாமல் இருந்தவை, நாங்கள் அழகுபடுத்தி வைத்த ஒன்பது மாதங்களில் கெட்டுவிட்டன. தாத்தா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. அதனாலேயே எங்களுக்கு அழுகை வந்தது.

மறுநாள் இரண்டு சங்குகளை ஒரு டப்பாவில் போட்டு, எங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றோம். அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி அவற்றை முகர்ந்து பார்த்தார். பிறகு, "எதில் வைத்திருந்தீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். பிளைவுட் என்றோம். உடனே ஒரு சோதனைக் குழாயில் வினிகரை ஊற்றி, உடைந்த சிப்பித் துண்டு ஒன்றைப் போடச் சொன்னார். துண்டைச் சுற்றிலும் குமிழிகள் கிளம்பின.

பத்தாம் வகுப்பில் நாம் படிக்கும் பாடம்தான் இது. சங்கு, சிப்பி, சோழி யாவும் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்டால் ஆனவை. வினிகரில் இருப்பது எத்தனாயிக் அமிலம். அதையே அசிட்டிக் அமிலம் என்றும் அழைக்கின்றனர். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் அசிட்டேட் என்னும் உப்பும் நீரும் கார்பன் டை ஆக்சைடும் உண்டாகின்றன. ஷெல்ஃபில் யாரும் வினிகரை ஊற்றவில்லையே என்று கேட்கலாம். மரம் தானாகவே அமில ஆவியைச் சிறிது சிறிதாக வெளிவிடுகிறது. ஓக் மரத்தில் இது மிகவும் அதிகம். பிளைவுட்டிலும் பொடிமரப் பலகைகளிலும் உள்ள பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு வெளியாகி ஃபார்மிக் அமிலமாக மாறுவதும் உண்டு. வார்னிஷ், அட்டை ஆகியவையும் தம் பங்குக்கு ஆவியை விடுகின்றன. காற்றில் ஈரம் மிகுந்தால் இந்த ஆவி சங்கின் மேற்பரப்பில் படிந்து அரிக்கத் தொடங்கும். எங்கள் ஷெல்ஃபில் பிளைவுட், வார்னிஷ், அட்டை, வெள்ளத்தின் ஈரம் ஆகிய அனைத்தும் இருந்தன. போதாக்குறைக்கு, ஆவி வெளியேற முடியாதபடி கச்சிதமான கதவும் இருந்தது!

இந்தக் கேட்டிற்கு 'பைன் நோய்' என்று பெயர். லாஃப்டஸ் பைன் என்ற ஆங்கிலேயர் 1899-இல் இதைப் பற்றி எழுதினார். சங்குகளைக் கிருமிகள் தாக்குவதாக அவர் எண்ணினார். அதனால் 'நோய்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. உண்மையில் இது நோயே அன்று. 1985-இல் நார்மன் டென்னன்ட், தாமஸ் பேர்ட் என்னும் இருவர் அந்த வெண்பொடியை ஆராய்ந்து, அசிட்டிக், ஃபார்மிக் அமிலங்களால் உண்டான கால்சியம் உப்புகளே அவை என்று காட்டினர். அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் விலையுயர்ந்த மர அலமாரிகளில் வைத்த சங்குகளுக்கே இந்தக் கதி நேர்ந்தது என்று அறிந்தபோது எங்கள் மனம் சற்று ஆறியது.

அடுத்து என்ன செய்வது? புதிய பெட்டி எதுவானாலும் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார் சகோதரி. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஆடி என்பவர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். காட்சிப் பெட்டி செய்யப் பயன்படும் பொருளில் ஒரு துண்டை, வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளுடனும் சிறிது நீருடனும் குடுவையில் இட்டு மூடி, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாட்கள் வைத்திருந்து பார்ப்பார்கள். தகடு கெட்டால் அந்தப் பொருள் ஆகாது. ஈயத் தகடுதான் அமில ஆவியைக் காட்டிக்கொடுப்பது.

எங்களுக்கு ஈயத்திற்குப் பஞ்சமா? வலையில் கட்டும் ஈய மணிகள் வீட்டில் கிடந்தன. மூன்றை எடுத்துப் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டினோம். மூன்று கண்ணாடிப் பாட்டில்களில் ஈரப் பஞ்சும் ஈயமணியும் இட்டோம். முதல் பாட்டிலில் மட்டும் பழைய ஷெல்ஃபின் பிளைவுட் துண்டையும், இரண்டாவதில் அலுமினியத் துண்டையும் சேர்த்தோம். மூன்றாவதில் வேறொன்றும் இடவில்லை. இறுக மூடி மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டோம். நான்காவது வாரம் திறந்து பார்த்தபோது, பிளைவுட் இருந்த பாட்டிலில் ஈயமணி சுண்ணாம்பு பூசியது போல் வெளுத்திருந்தது. மற்ற இரண்டிலும் சற்று மங்கியதோடு சரி. இதைச் செய்து பார்க்க விரும்பும் தோழியர் ஈயத்தைத் தொட்டபின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். ஈயம் உடலுக்கு நஞ்சு. சுரண்டிய தூளைச் சிறு பிள்ளைகள் எட்டாத இடத்தில் சேர்த்து அப்புறப்படுத்த வேண்டும்.

ஆகவே கண்ணாடியும் அலுமினியமும் போதும், மரம் வேண்டாம் என்று முடிவாயிற்று. அவ்வாறான பெட்டி மலிவாக எங்கே கிடைக்கும் என்று யோசித்தபோது, எங்கள் தம்பிதான் "ரொட்டிக் கடையில் பன் வைக்கும் பெட்டி!" என்றான். அவன் நினைவெல்லாம் மக்ரூனில்தான். எனினும் அவன் சொன்னது சரியாக இருந்தது. டீக்கடைகளிலும் ரொட்டிக் கடைகளிலும் கேக், பன் வைக்கும் கண்ணாடிப் பெட்டிகள் அலுமினியச் சட்டத்தில் செய்யப்பட்டவை. கடையைப் புதுப்பிக்கும்போது பழையதைக் கழித்துவிடுகிறார்கள். பழைய இரும்புக் கடை ஒன்றில் மூன்று அடி நீளம், இரண்டு அடி உயரம், ஒன்றேகால் அடி அகலம் கொண்ட பெட்டி 900 ரூபாய்க்குக் கிடைத்தது. உள்ளே இரண்டு கண்ணாடித் தட்டுகள். பின்புறம் தள்ளு கதவு இரண்டு. ஒரு மூலையில் கண்ணாடி விரிசல். எங்கும் எண்ணெய்ப் பிசுக்கு.

வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் இரண்டு முறை கழுவியும், எறும்புகள் மட்டும் ஒரு வாரம் வரை நம்பிக்கையோடு வந்துகொண்டே இருந்தன. பெட்டியைக் கவிழ்த்துக் கழுவும்போதுதான் ஒன்றைக் கண்டோம். அதன் அடித்தட்டு, மேலே சன்மைக்கா ஒட்டிய பிளைவுட்! பாட்டில் சோதனை செய்திராவிட்டால் அதை அப்படியே விட்டிருப்போம். அதைக் கழற்றிவிட்டு 350 ரூபாய்க்கு அலுமினியத் தகடு வெட்டிப் பொருத்தினோம்.

இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. விரிசல் கண்ட கண்ணாடியை மாற்றியவர் மூலைகளில் சிலிக்கான் பசை இட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முகர்ந்தால் அதே வினிகர் வாடை! சிலிக்கான் பசையில் ஒரு வகை, காயும்போது அசிட்டிக் அமிலத்தையே வெளிவிடுகிறதாம். வாடையில்லாத வேறொரு வகையும் கடைகளில் உண்டு. கேட்டு வாங்க வேண்டும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. பெட்டியைத் திறந்தபடி ஐந்து வாரம் மாடி வராந்தாவில் வைத்தோம். வாடை முற்றிலும் போனபின், மீண்டும் ஓர் ஈயமணியை உள்ளே பத்து நாட்கள் வைத்துப் பார்த்தே அதை ஏற்றுக்கொண்டோம். அம்மா, "பெண் பார்க்கக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்" என்றார்.

பெட்டியைத் தாங்க மேசை வேண்டுமல்லவா? ஆச்சியின் பழைய தையல் மெஷினின் இரும்புக் கால் கொல்லையில் கிடந்தது. மெஷினை எப்போதோ விற்றாயிற்று. துருவைத் தேய்த்து எனாமல் பெயிண்ட் அடித்து, அதையும் மூன்று வாரம் வெளியிலேயே காயவிட்டோம், ஏனெனில் காயும் பெயிண்டும் ஆவி விடும். அதன்மேல் பழைய அடுப்படியில் இருந்து எடுத்த கடப்பா கல்லை வைத்துப் பெட்டியை ஏற்றினோம். நாற்காலியில் அமர்ந்த தாத்தாவின் கைக்கு எட்டும் உயரம். தரையிலிருந்து இரண்டரை அடி இருப்பதால், முன்பு போல் நீர் வந்தாலும் எட்டாது.

வைக்கும் முறையைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். நல்ல சங்குகளை உப்புப் போகும்வரை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் பல நாள் உலர்த்தினோம். உப்பு தங்கினால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும். பொடி பூத்த 37-ஐயும் அவ்வாறே தண்ணீரை மாற்றி மாற்றி அலசினோம். அதனால் அரிப்பு நிற்கும். போன பளபளப்பு திரும்பாது. சங்கை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஆசிட்டிலோ போட்டு வெளுப்பாக்குவதைச் சிலர் ஒரு கலையாகவே செய்கின்றனர். தயவுசெய்து வேண்டாம். அடியில் விரிக்க வெல்வெட், அட்டை, செய்தித்தாள் எதுவும் இன்றி, கஞ்சியில்லாமல் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைப் போட்டோம். கனமான சங்குகள் யாவும் அலுமினிய அடித்தட்டில். கண்ணாடித் தட்டுகளில் இலேசானவை மட்டும். வெயில் படும் சுவரை விட்டு விலகி வைத்தோம், வெயிலில் சோழிகளின் நிறம் வெளுத்துவிடும்.

மர அலமாரி மட்டுமே உள்ள வீட்டில் சங்குகளை வைக்க முடியாதா என்றால், முடியும். கழுவி உலர்த்திய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு, மூடி இறுக்கி அலமாரியில் அடுக்கலாம். மரத்தின் ஆவி உள்ளே புகாது. முட்டையோடு, ஈயத்தில் வார்த்த பழைய பொம்மைகள், பதக்கங்கள் ஆகியவற்றிற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். கண்ணாடிச் சாமான்களையும் பீங்கானையும் மர அலமாரி ஒன்றும் செய்யாது.

சங்குகளை வரிசைப்படுத்தும்போது ஒரு டின்னின் அடியில் பவளப்பாறைத் துண்டு ஒன்று கிடைத்தது. 2001 முதல் பவளப்பாறைகளும், நாட்டிலஸ், ராட்சதச் சிப்பி போன்ற சில இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. தாத்தா எடுத்தது அதற்கு வெகு காலத்திற்கு முன்பு. எனினும் அப்பா அதை வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். கடைகளில் விற்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிடக் கூடாது. உயிருள்ள சங்கை எடுத்து வருவதும் முறையன்று. நாங்கள் புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. இருப்பதைக் காப்பதற்கே நேரம் சரியாக இருக்கிறது.

2024-ஆம் ஆண்டு பனிமய மாதா திருவிழாவிற்கு உறவினர் வந்தபோது பெட்டி தயாராகிவிட்டது. எல்லாம் சேர்ந்து 1,800 ரூபாய்க்குள் முடிந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. தள்ளு கதவு தடத்தில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. பிறருக்குக் காட்சிப் பெட்டி என்றால் கண்ணாடி வழியே பார்ப்பது. தாத்தாவுக்கோ கைவிட்டுத் தொட்டால்தான் காட்சி. ஆகவே கதவு இருக்கும் பின்புறத்தை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தோம். ஆச்சி, எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டை எடுத்துத் தடம் முழுவதும் தேய்த்தார். கதவு ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து வந்ததும் தாத்தா பெட்டியின் அருகில் அமர்கிறார். ஒன்றை எடுத்துத் தடவுகிறார். இடத்தைச் சொல்கிறார். நாங்கள் வெள்ளைத் தாளில் பென்சிலால் எழுதிச் சங்கின் அருகில் வைக்கிறோம். "வான் தீவுக்குக் கிழக்கே." "காரைச்சல்லி ஓரம், சேற்றில்." சென்ற வாரம் மூன்று சிறு சோழிகளை வரிசையாக எடுத்து, "விலாங்குச்சல்லிக் கரையில பொறுக்குனது" என்றார். அந்தத் தீவு இன்று கடலுக்குள் மூழ்கிவிட்டது. "இடம் இல்லையே தாத்தா, அதையே எழுதவா?" என்று கேட்டோம்.

"அதைத்தான் எழுதணும்" என்றார்.

இதுவரை 61 சீட்டுகள் எழுதியிருக்கிறோம். இன்னும் 153 இருக்கின்றன.